அப்பாவுக்கு வர வேண்டிய போன்

எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள். பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும் என்பது ஒரு கட்சி. கழற்றவே கூடாது என்பது இன்னொன்று. முதல் கட்சியின் தலைவர், பொருளாளர், கோஷம் போடும் தொண்டர் எல்லாம் என் வீட்டுக்காரர் ஒருவரே. இரண்டாவது கட்சி என் தங்கையின் வீட்டுக்காரர். இரண்டு பேரும் சகலைகள். ஒரே வீட்டில் பெண் எடுத்ததைத் தவிர இருவரும் ஒத்துப்போன விஷயம் இதுவரை எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். நாள் முழுக்கச் சூடு காட்டிப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சொருகி, ஒட்டிக்கிடக்கும் போன்களின் முதுகைப் பிளப்பதுதான் அவருக்கு வேலை. உள்ளே உப்பிப்போன பேட்டரி ஒன்றைப் பார்த்துவிட்டால் அதைச் செய்த கம்பெனியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். வாடிக்கையாளர் தன்னைத்தான் திட்டுகிறாரோ என்று பயந்து பேரம் பேசாமல் போய்விடுவதும் உண்டு.

தங்கை வீட்டுக்காரர் பெரிய ஷோரூம் ஒன்றில் விற்பனைப் பிரிவு. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், கழுத்தில் அடையாள அட்டை. புது மாடல் வந்தால் தானே பத்து மாதம் சுமந்து பெற்றதுபோலப் பூரித்துப்போவார்.

இருவரும் எங்கே சந்தித்தாலும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"நாலு திருகாணி போட்டா வேலை முடிஞ்சுது சகல. அதுக்கு எதுக்குப் பசை?"

"தண்ணி உள்ள போகக் கூடாதுல்ல அண்ணே."

"போனைக் காதுல வச்சுக்கிட்டு நான் என்ன நீச்சலா அடிக்கப் போறேன்?"

"பாத்ரூம்ல விழுந்தா?"

"விழுந்தா எடுத்துத் துடைச்சு, பேட்டரியக் கழட்டிக் காய வச்சு மாட்டுவேன். உங்க போன் விழுந்தா உங்க கடைக்கு வரணும். நீங்க டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, 'தண்ணி போயிருக்கு சார், வாரண்டி கிடையாது'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவீங்க. தண்ணியே போகாதுன்னு வித்ததும் நீங்கதான்."

இந்த இடத்தில் சின்னவருக்கு, அதாவது தங்கை வீட்டுக்காரருக்கு, எப்போதும் இருமல் வரும். இருமி முடித்துவிட்டு, "ரெண்டு நாள் தாங்குது அண்ணே. அரை மணி நேரத்துல சார்ஜ் ஏறுது. அப்புறம் எதுக்குக் கழட்டணும்?" என்பார். "ரெண்டு வருஷம் கழிச்சு அரை நாள் தாங்கும். அப்ப என்கிட்டதான் வருவாங்க, முதுகைப் பிளக்க," என்பார் இவர். நடுவில் நாங்கள் அக்கா தங்கை இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்போம்.

கொள்கைக்கு ஏற்றபடிதான் வாழ்க்கையும். என் வீட்டுக்காரரிடம் இருப்பது, பின்மூடியை நகத்தால் நெம்பித் திறக்கிற காலத்துப் போன். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேட்டரிகள். எது நிறைந்தது, எது காலி என்று தெரிய என் நகப்பூச்சை எடுத்துப் புள்ளி வைத்திருக்கிறார். சின்னவரோ மெலிசான போனும், அதைப் போல மூன்று மடங்கு கனமான பவர்பேங்கும், இரண்டையும் இணைக்கும் ஒரு ஒயருமாகத் திரிவார். அப்பா ஒருவரை 'மூணு பேட்டரி' என்பார். மற்றவரை 'வால்' என்பார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அப்பா லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை மருத்துவமனையில் ஊசி குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விடுகிறார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. தாகம் தாங்காமல் ஐஸ் கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பார்க்காத நேரத்தில் இரண்டு கன்னத்திலும் அடக்குவார்.

"மேல போறது எனக்கு ஒண்ணும் புதுசில்லம்மா. வாழ்நாள் பூரா போய்ட்டு வந்துட்டிருந்தவன்தானே," என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. எனக்கு இருப்பது ஒரே அப்பா.

அவரிடமும் ஒரு போன் உண்டு. பட்டன் போன். பின்மூடி உடைந்துவிட்டதால் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். பேசி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "சும்மா இருக்கற நேரத்துல எதுக்கு ஓடணும்? லிப்ட்ல ஆள் இல்லைன்னா விளக்கை அணைக்கறதில்லையா?" என்பது வாதம். மறுபடி மாட்டியதும் அந்தப் போன் ஒரு அசட்டு ராகம் வாசித்துவிட்டுத் தேதி கேட்கும். பேட்டரியைக் கழற்றினால் அதற்கு எல்லாம் மறந்துபோகும். அப்பா எதையும் மாற்றாமல் அது காட்டுவதற்கே சரி என்று அழுத்திவிடுவார். ஆகவே அவர் போனில் எப்போதும் ஜனவரி முதல் தேதி. அதுவும் அந்தப் போன் பிறந்த வருஷத்து ஜனவரி.

"ஒரு தடவையாவது சரியான தேதியப் போடுங்கப்பா," என்றால், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி. இந்தப் பொழப்புக்குத் தேதி ஒரு கேடா?" என்று கேட்பார்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவைத்திருந்தோம். எங்கள் இருவருடையதும் பொருந்தவில்லை. எங்கேயாவது யாராவது இறந்து, அவர்கள் வீட்டார் கொடுக்கச் சம்மதித்தால்தான் உண்டு. அப்பாவின் முறை நெருங்கிவிட்டது என்று மருத்துவமனையில் அந்தப் பிரிவைக் கவனிக்கும் அம்மாள் கூப்பிட்டுச் சொன்னார். கறாரான பெண்மணி. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"ரெண்டு நம்பர் குடுங்க. எந்நேரமும் ஆன்ல இருக்கணும். முதல் நம்பர் எடுக்கலைன்னா ரெண்டாவது நம்பர். ரெண்டுமே கிடைக்கலைன்னா கொஞ்ச நேரம் பார்ப்போம், அப்புறம் அடுத்த ஆளுக்குப் போயிடுவோம். எடுத்த சிறுநீரகத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியாது."

என் நம்பரைக் கொடுக்க முடியாது. நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பாடம் நடக்கும்போது என் போன் வண்டியின் முன்பெட்டிக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். அதைத் தொட்டால் விரலை ஒடித்துவிடுவேன் என்று கற்க வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு, நானே தொட்டால் மரியாதை என்ன ஆவது? தங்கை மாத்திரைத் தொழிற்சாலையில் வேலை. போனை வாசலில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அப்பாவின் போன் விஷயம் சொல்லவே வேண்டாம். ஆக மிஞ்சியது மூணு பேட்டரியும் வாலும்தான்.

இரண்டு நம்பரையும் கொடுத்தோம். எது முதல் நம்பர் என்பதில்தான் பூகம்பம்.

"என் போன் செத்தாலும் அடுத்த நிமிஷம் எழுந்து நிக்கும். வேற எந்தப் போன் நிக்கும்?" என்றார் இவர்.

"என் போன் சாகவே சாகாது அண்ணே. அப்புறம் எழுந்து நிக்கற கேள்வியே இல்லையே," என்றார் அவர்.

இருவருமே அப்பா மேல் உயிரை வைத்திருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். 'அந்தப் போனை எடுக்கறது நானாத்தான் இருக்கணும்' என்று இரண்டு ஆண்பிள்ளைகளும் பச்சைக் குழந்தைகள்போல அடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். அப்பா பார்த்தார். "ரெண்டு பேரும் போட்டி வைங்க. ஜெயிச்சவர் நம்பர் முதல்ல," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் போட்டி. எனக்கு அன்று மதியம்வரை பாடம் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தங்கை இரவு ஷிப்ட் முடித்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆக, புத்தியுள்ள இரண்டு பேரும் களத்தில் இல்லை. நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகக் கறந்துதான் தெரிந்துகொண்டேன்.

சாப்பாட்டு மேஜையில் இரண்டு போன்களையும் முழுச் சார்ஜோடு பக்கத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். திரை வெளிச்சம் உச்சத்தில். இரண்டிலும் ஒரே வீடியோ: மீன்தொட்டிக்குள் மீன்கள் நீந்திக்கொண்டே இருக்கும், வேறு எதுவும் நடக்காது. அப்பா நடுவர். ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

முதல் தகராறு பேட்டரி மாற்றலாமா என்பதில். மாற்றுவதுதானே தன் கட்சியின் கொள்கையே என்று என் வீட்டுக்காரர் குதித்தார். அப்படியென்றால் பவர்பேங்கும் உண்டு என்றார் சின்னவர். அப்பா கையை உயர்த்தினார்.

"எதுவும் கிடையாது. உள்ள இருக்கறத வச்சு ஓடுங்க. என்னை ஸ்பேர் குடுத்தா அனுப்பினாங்க?"

யாரும் திருட்டுத்தனம் செய்யாமலிருக்க, என் வீட்டுக்காரரின் மூன்று பேட்டரிகளைச் சின்னவர் ஒளித்துவைப்பது, சின்னவரின் பவர்பேங்கையும் சார்ஜரையும் இவர் ஒளித்துவைப்பது என்று ஏற்பாடு. வீட்டில் மூலை முடுக்கெல்லாம் புகுந்து ஒளித்தார்கள்.

இரண்டாவது தகராறு, போன் அழைப்புகள். ஞாயிற்றுக்கிழமையானால் என் வீட்டுக்காரருக்கு வாடிக்கையாளர்கள் வரிசையாகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் பேட்டரி குறையும். "எனக்கு நாப்பது பேர் கூப்பிடுவான், உங்களுக்கு யார் கூப்பிடப் போறா? இது அநியாயம்," என்றார். சின்னவர் நேர்மையானவர். யோசித்துவிட்டு, "சரி அண்ணே. ரெண்டு பேருமே விமானப் பயன்முறைல போட்டுடுவோம். ஒரு அழைப்பும் வராது. சுத்தமான போட்டி," என்றார். நடுவர் தலையாட்டினார்.

மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பைத் தவறவிடாத போன் எது என்று கண்டுபிடிப்பதற்காக, மருத்துவமனைக்குத் தெரிந்த இரண்டே போன்களையும் எந்த அழைப்பும் வராதபடி அடைத்துப்போட்டுவிட்டு, மூன்று ஆண்கள் மீன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் போன் ரிப்பேர் செய்கிறவர், ஒருவர் போன் விற்கிறவர், ஒருவர் லிப்டில் மாட்டிக்கொள்கிறவர்களை மீட்டவர். ஒருவர் மண்டையிலும் விளக்கு எரியவில்லை.

நான் பாடம் முடித்துப் பயிற்சி வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது போட்டி கடைசிக் கட்டத்தில் இருந்தது. இரண்டு போனும் மூன்று சதவீதம். மூவரும் மேஜைமேல் கவிழ்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீன்கள் மட்டும் நிம்மதியாக இருந்தன.

"யாருங்க ஜெயிக்கறது?" என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு திரைகளிலும் மேல்மூலையில் குட்டி விமானம்.

"ஏங்க, ரெண்டு போன்லயும் ஏன் விமானம் இருக்கு?"

"அழைப்பு எதுவும் வரக் கூடாதுன்னு…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். சின்னவரின் வாய் திறந்தபடியே இருந்தது. அப்பா ஐஸ் கட்டியைக் கடக்கென்று கடித்துவிட்டார்.

நான் இரண்டு விமானத்தையும் தரையிறக்கினேன். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு போன்களும் சேர்ந்து கதறின. 'நீங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தபோது' என்று தொடங்கும் செய்திகள். முதல் போனுக்கு நான்கு அழைப்பு. இரண்டாவது போனுக்கு மூன்று. எல்லாம் ஒரே நம்பர். மருத்துவமனை.

என் வீட்டுக்காரர் பாய்ந்து கூப்பிட்டார். ஒரு இனிமையான பெண்குரல், சிறுநீரகப் பிரிவுக்கு ஒன்றை அழுத்தவும் என்றது. ஒன்றை அழுத்தினார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது என்றது. சங்கீதம் வந்தது. திரை அணைந்தது.

சின்னவர் தன் போனில் கூப்பிட்டார். மணி அடித்து, யாரோ எடுத்து, "ஹலோ, உங்களைத்தான் தேடிக்கிட்டு…" என்றார்கள். அதுவும் அணைந்தது. இரண்டு கட்சியும் டெபாசிட் இழந்தன.

"பேட்டரி எங்க சகல?" என்று இவர் அலறினார்.

"ஃபிரிட்ஜ்ல அண்ணே. ஐஸ் பெட்டில. குளிர்ல வச்சா சார்ஜ் குறையாதுன்னு…"

பேட்டரிகள் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தன. ஒன்றை மாட்டினார். போன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்ற ஆரம்பித்தார்.

"என் பவர்பேங்க் எங்கண்ணே?"

"துணி துவைக்கற மெஷினுக்குள்ள."

"ஒயர்?"

என் வீட்டுக்காரர் யோசித்தார். ஒயரைத் தனியாக, இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒளித்திருக்கிறார். எங்கே என்று அவருக்கே மறந்துபோய்விட்டது. அந்த ஒயர் இன்றுவரை கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டுத் தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டு, சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்த தன் போனோடு வந்தாள். அப்பா தன் பட்டன் போனை எடுத்து, சட்டைப் பையிலிருந்த பேட்டரியை மாட்டி, ரப்பர் பேண்டைச் சுற்றினார். அது நிதானமாக ராகம் வாசித்து முடித்துவிட்டுத் தேதி கேட்டது. அப்பா அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்த, அது மறுபடி முதலிலிருந்து ராகத்தை ஆரம்பித்தது. என் வாழ்நாளில் ஒரு ராகத்தை அவ்வளவு வெறுத்ததில்லை.

நான் வாசலுக்கு ஓடினேன். பயிற்சி வண்டியின் முன்பெட்டியைத் திறந்து என் போனை எடுத்தேன். முக்கால்வாசிச் சார்ஜ் இருந்தது. எந்தப் போட்டியிலும் அதை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்தக் கறாரான அம்மாளே எடுத்தார்.

"குடும்பமே எங்கம்மா போயிட்டீங்க? ரெண்டு நம்பரும் கிடைக்கல. அடுத்த ஆளுக்குப் போன் போட நம்பரை எடுத்துட்டேன்."

"போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"போடாதீங்கம்மா. உங்க கால்ல விழறேன். இதோ கிளம்பிட்டோம்."

"அவருக்கு எதுவும் சாப்பிடக் குடுக்காதீங்க. ஒரு மணி நேரத்துல என் முன்னாடி நிக்கணும்." வைத்துவிட்டார்.

வீட்டில் இருந்த ஒரே வண்டி என் பயிற்சி வண்டி. கூரைமேல் பெரிய பலகை, பின்கண்ணாடியில் 'கற்பவர், விலகிச் செல்லவும்' என்ற எழுத்து. நான் ஓட்டினேன். வழக்கமாக நான் உட்காரும் பக்கத்து இருக்கையில் அப்பா. பின்னால் தங்கையை நடுவில் போட்டு இரண்டு சகலைகளும். இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் வழியிலேயே இன்னும் இரண்டு பேருக்குச் சிறுநீரகம் கிடைத்திருக்கும்.

ஒரு நன்மை சொல்ல வேண்டும். பயிற்சி வண்டி வேகமாக வருவதைப் பார்த்தால் தெருவே வழிவிடுகிறது. ஆம்புலன்சுக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள்.

"வண்டில சார்ஜ் பண்ற இடம் இருக்கா அக்கா?" என்றார் பின்னாலிருந்து சின்னவர்.

"பேட்டரிங்கற வார்த்தைய இனி எவர் வாயிலயாவது கேட்டேன், ஓடற வண்டில இருந்து இறக்கி விட்டுருவேன்," என்றேன். என் வீட்டுக்காரர் கக்கத்திலிருந்த பேட்டரியைச் சத்தமில்லாமல் எடுத்துப் பையில் போட்டார்.

பாலத்தில் ஏறியபோது வண்டி திடீரென்று குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்கள் கத்தின. நான் பிரேக்கை மிதிக்கவில்லை. மறுபடி கிளப்பினேன். நகர்ந்தது, மறுபடி நின்றது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு, கற்பவர் எங்கேயாவது மோதப் போனால் நான் மிதிப்பதற்கு. அதன்மேல் அப்பாவின் செருப்புக் கால். முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"அப்பா, காலை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா," என்றார்.

லிப்ட் பள்ளத்துக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர். ஊசியைப் பார்த்தும் பயப்படாதவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"கழட்டி மாட்டறதுதானேன்னு நானும் கேலி பேசிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் தோணுது. எங்கேயோ ஒரு வீட்டுல இப்ப அழுதுட்டிருக்காங்க. அங்க ஒருத்தர் முடிஞ்சாத்தான் இங்க எனக்கு. அதை வாங்கிட்டு நான் என்ன கிழிக்கப் போறேன்? ஐஸ் கட்டி சப்பற கிழவனுக்கு எதுக்கு அது?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவர் உள்ளே போய்த் திரும்பி வராமல் இருந்தால் என்ன செய்வேன் என்று அந்தக் கணம்வரை நான் நினைக்காமலே ஓட்டியிருக்கிறேன். இனி நினைக்காமல் இருக்க முடியவில்லை. கண் நிறைந்து எதிரே பாலம் தெரியாமல் போயிற்று.

"எனக்கும் பயம்தான்பா. ரொம்பப் பயம். ஆனா அந்த வீட்டுல அழுதுக்கிட்டேதானே குடுத்திருக்காங்க. வேண்டாம்னு திருப்பி அனுப்பினா அவங்க அழுகை நிக்குமா? நீங்க எங்களுக்கு வேணும்பா. வேற காரணமெல்லாம் எனக்குத் தெரியாது. காலை எடுங்க."

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் மெதுவாக, "எடுங்க மாமா," என்றார். "எடுங்க மாமா," என்றார் சின்னவரும். இருவரும் ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு காலை எடுத்தார்.

போய்ச் சேர்ந்தோம். நேரம் இருந்தது. அந்த அம்மாள் எங்களை ஒருமுறை முறைத்ததோடு விட்டுவிட்டார். இரத்தம் எடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், பொருந்துகிறது என்றார்கள். அப்பாவுக்குப் பச்சை அங்கி மாட்டிப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போகும்போது, "நில்லுங்க," என்று தள்ளுகிறவரை நிறுத்தினார். தலையணைக்கு அடியிலிருந்து தன் பட்டன் போனை எடுத்தார். ரப்பர் பேண்டைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, போனோடு சேர்த்து என் கையில் வைத்து மூடினார்.

"நான் வர்ற வரைக்கும் சும்மா எதுக்கு ஓடணும்," என்றார். கதவு சாத்திக்கொண்டது.

காத்திருந்த இடத்தில் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. இரண்டு போன்கள். இரவல் சார்ஜர் ஒன்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க முதல்ல போடுங்க அண்ணே," என்றார் சின்னவர். "வேண்டாம் சகல, நீங்க போடுங்க," என்றார் இவர். அப்படியே மாற்றி மாற்றி மரியாதை செய்துகொண்டு கடைசிவரை யாரும் போடவில்லை. தங்கை எழுந்து போய்த் தன் போனைப் போட்டுக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்து மருத்துவர் வந்தார். முகமூடியை இறக்கினார். "சிறுநீர் வர ஆரம்பிச்சிடுச்சு. நல்லாவே வருது," என்றார்.

அதைக் கேட்டு நாங்கள் நான்கு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். ஒரு மனிதர் ஒண்ணுக்குப் போனதற்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். சின்னவர் தோளில் என் வீட்டுக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஷோரூம் சட்டை பாழ்.

அப்பாவைப் பார்க்க ஒருவரை மட்டும் விடுவோம் என்றபோது நாளும் மாறியிருந்தது. கையைக் கழுவி, முகமூடி, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு நான் போனேன். அவர் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுத்தது. உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த செவிலி, "தண்ணி குடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமா," என்றார். ஐஸ் இல்லை, அளவு இல்லை, தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

பிறகு, "போன் எங்க?" என்றார்.

சுத்தம் செய்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பேட்டரியை மாட்டினேன். ராகம் வாசித்தது. தேதி கேட்டது. வழக்கப்படி, காட்டியதற்கே சரி என்று அழுத்தப் போனேன். ஊசி குத்தியிருந்த கை மெல்ல நகர்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"என்ன காட்டுது?"

"ஜனவரி ஒண்ணு."

"இன்னைக்குத் தேதியப் போடு."

போட்டேன்.

"வருஷமும்."

அதையும் போட்டேன். திரையை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தார். கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் போயிற்று, துடைத்துவிட்டேன். போனை அணைத்துப் பேட்டரியை எடுக்கலாம் என்று ரப்பர் பேண்டை நெம்பினேன்.

"கழட்டாதே," என்றார் அப்பா. "இனிமே எதையும் கழட்ட வேண்டாம். மாட்டினது மாட்டினபடியே இருக்கட்டும்."

வெளியே வந்தேன். மாமா என்ன சொன்னார் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். தண்ணி குடிச்சார் என்று மட்டும் சொன்னேன். மற்றதை என் வீட்டுக்காரரிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அவருடைய கட்சி தாங்காது.